பிறந்த திகதி

இதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுகிறோம். டைப் பண்ணுவது டீச்சர். பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பிழை பிடிப்பது தையல்காரி. பெயர் போடவில்லை. ஊரில் கன பேருக்கு எங்களைத் தெரியும், தெரிந்தவர்கள் தயவுசெய்து கொமென்டில் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 1976இல் பிறந்தவர்கள். உட்துறைமுகப் பக்கம் ஒரே ஒழுங்கை. நடுவில் ஒரு கிடுகு வேலி, அதிலும் நாங்கள் புகுந்து போக ஒரு ஓட்டை. திருகோணமலை உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடமாக்கினோம். அந்த ஆழத்தால் எங்கள் வீடுகளுக்கு வந்தது, கப்பல் வருகிற நாளில் வாப்பாமாருக்குக் கிடைத்த கூலி மட்டும்தான். 1980இல் சீனக்குடாவில் பிரீமா மா ஆலை தொடங்கியபோது சில பேருக்கு நிரந்தர வேலை கிடைத்ததாம். எங்கள் வாப்பாமார் அந்தப் பட்டியலில் இல்லை. கப்பல் இல்லாத கிழமையில் ஒரே சுண்டு அரிசி வேலிக்கு மேலால் அங்கேயும் இங்கேயும் கடன் போய் வரும்.

கணக்கில் கெட்டிக்காரி டீச்சர் இல்லை, மற்றவள். மீன் வாங்கப் போனால் வியாபாரி வாய் திறக்க முதல் மிச்சக் காசைச் சொல்லிவிடுவாள். டீச்சருக்கு இருந்தது நல்ல கையெழுத்து. அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கணக்கு அவள் செய்வாள், அவளுடைய கட்டுரையை டீச்சர் அழகாக எழுதிக் கொடுப்பாள். அப்படித்தான் இரண்டு பேரும் புள்ளி வாங்கினோம்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. பள்ளிக்கூடம் மாதக் கணக்கில் ஒழுங்காக நடக்கவில்லை. துறைமுகக் கூலியும் நின்றது. அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவள்தான் மூத்தவள், கீழே மூன்று தங்கச்சிமார். டீச்சர் கடைசிப் பிள்ளை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து மாதம் மாதம் காசு அனுப்ப ஒரு காக்கா இருந்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது ஒருத்தி போனாள், ஒருத்தி போகவில்லை. ஒரு காக்கா இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

1993இல் ஒரு பின்னேரம் சப் ஏஜென்ட் படிவத்தோடு வந்தார். சவூதிக்கு வீட்டு வேலை. எங்களுக்குப் பதினேழு வயது. "வயசு காணாது, கூட்டிப் போடுங்க, மிச்சத்தை நான் பார்ப்பன்" என்றார். அவளுடைய உம்மாவுக்கு எழுதத் தெரியாது. நல்ல கையெழுத்து யாருக்கு இருக்கிறது என்று வீடு முழுக்கத் தெரியும். பிறந்த திகதி என்ற இடத்தில் 1971 என்று டீச்சர் எழுதினாள். மை காயும்வரை ஊதியும் விட்டாள். அப்போது நாங்கள் இருவரும் சிரித்தோம் என்பதையும் எழுதச் சொல்கிறாள் பக்கத்தில் இருப்பவள். "இனி என்னை ராத்தா எண்டு கூப்பிடு" என்று சொல்லித்தான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கடிதங்கள். ஒரு உறைக்குள் இரண்டு தாள் வரும். ஒன்று உம்மாவுக்கு, சுகமாக இருக்கிறேன், மடம் நல்லவ என்று. மற்றது டீச்சருக்கு. ஐந்து மாதச் சம்பளம் தரவில்லை, சமையலறை நிலத்தில்தான் படுக்கை, கை வெந்துவிட்டது என்று. அடியில் "இதை உம்மாக்கு வாசிக்காத புள்ள" என்று கோடு போட்டு எழுதியிருப்பாள். டீச்சர் முதல் தாளை மட்டும் சத்தமாக வாசித்தாள். உம்மா அதைக் கேட்டுவிட்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். நாலு வருடம் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

1997இல் அவள் வந்தாள். அந்த வருடம்தான் டீச்சருக்கு நியமனமும் கிடைத்தது. வந்து இரண்டு கிழமையில் எங்களுக்குள் பெரிய சண்டை. "வாசிக்காத எண்டு நான் எழுதுவன்தான். நீ வாசிச்சிருக்கணும். உம்மாக்குத் தெரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பா" என்றாள். "நீ சொன்னதைத்தானே செய்தேன்" என்றாள் மற்றவள். யாருடைய பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எங்களுக்குள் முடிவில்லை, நீங்கள் கொமென்டில் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். இரண்டு வருடம் கதைக்கவில்லை. வேலி ஓட்டையைக் கிடுகு வைத்து அடைத்தாயிற்று. டீச்சருக்கு மூத்த பிள்ளை கிடைத்தபோது, ஆறு குட்டிச் சட்டை தைத்து ஒரு பையில் போட்டு வந்தது. துண்டு ஒன்றும் இல்லை. தையலைப் பார்த்தே தெரிந்தது.

பிறகு அவள் குவைத்துக்கும் போனாள். அதே பாஸ்போட் வயதோடுதான். அந்தக் காசில் மூன்று தங்கச்சிமாரும் கரை சேர்ந்தார்கள், கல்வீடு எழும்பியது. படிவத்தைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்ததே இல்லை.

2013 ஜனவரி 9, புதன்கிழமை. ரிஸானா நபீக்கின் செய்தி வந்தது. இந்தக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர், சாபி நகர். விறகு வெட்டுகிற வாப்பாவின் பிள்ளை. 2005 மே மாதம் சவூதிக்குப் போனபோது வயது பதினேழு. பாஸ்போட்டில் பிறந்த வருடம் 1982, உண்மையான வருடம் 1988. போய்ச் சில கிழமையில் அவள் பராமரிப்பில் இருந்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது என்றுதான் கடைசிவரை சொன்னாள். 2007இல் மரண தண்டனை தீர்ப்பானது. ஆறு வருடம் ஊர் முழுக்க துஆக் கேட்டது. அந்தப் புதன்கிழமை எல்லாம் முடிந்தது.

ஆறு வருடம் கூட்டியிருந்தார்கள் அந்தப் பிள்ளைக்கு. நாங்கள் கூட்டியது ஐந்து.

அன்று இரவு டீச்சர் அவள் வீட்டுக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு அந்தக் கதையை எடுத்து, "என்ட கையாலதானே எழுதின" என்று அழுதாள். மன்னிப்புக் கிடைக்கும், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம் என்று நினைத்துத்தான் போனாள். இவள் மெஷினை நிறுத்தவே இல்லை. "நீ எழுதினதாலயா நான் போன? நான் போக நினைச்சதாலதான் நீ எழுதின. எல்லாத்தையும் உன்ட கணக்கில போடாத. உனக்குக் கணக்கு எப்பவும் வராதே" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு அங்க பாஷை தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்தில இருந்தாரா?" என்று கேட்டாள். அப்போதுதான் மெஷின் நின்றது. அவளுக்கு முதல் ஒரு வருடம் அங்கே ஒரு சொல்லும் விளங்கவில்லையாம். தண்ணீர் கேட்கவும் கையைத்தான் காட்டினாளாம். அதை இரண்டாவது தாளிலும் அவள் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு, 2013இல், சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போக 25 வயது என்று விதி வந்திருந்தது. நல்லதுதான். ஆனால் 2022இல் எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் வந்தபோது, பாஸ்போட் வரிசையும் நீண்டதை எல்லோரும் பார்த்தோம். இப்போது பிள்ளைகள் போவதில்லை, உம்மாமார் போகிறார்கள். வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சமைக்கிறாள்.

இதை எழுதக் காரணமும் அதுதான். டீச்சரின் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை. உம்மா குவைத்துக்கு ஆயத்தம், கீழே இரண்டு சின்னப் பிள்ளைகள். டீச்சர் பேசிப் பார்த்தாள், சரிவரவில்லை. போய்ப் பட்டவள் சொன்னால் கேட்பார் என்று தையல்காரியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தையல்காரி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அந்தத் தாயிடம், "போறண்டாப் போ. சம்பளம் தராட்டி ரெண்டாம் மாசமே எம்பஸிக்குச் சொல்லு, என்னைப் போல அஞ்சு மாசம் பாத்துக்கொண்டிருக்காத. மூத்தவளை நிப்பாட்டாத. சின்னது ரெண்டையும் காலையில என்ட வீட்டில விடு" என்றாள்.

தடுப்பதற்காகக் கூட்டிக்கொண்டு போனவள் வழியனுப்பிவிட்டு வந்தாள் என்று டீச்சருக்குக் கோபம். வரும் வழி முழுக்கச் சண்டை. பசிக்கிற வீட்டுக்குப் புத்தி சொல்ல மாதச் சம்பளக்காரிக்கு என்ன தெரியும் என்று ஒருத்தி. நீ பட்டதை அவளும் படட்டும் என்கிறாயா என்று மற்றவள். இதை டைப் பண்ணும்போதும் அதே சண்டை, இரண்டு தடவை போனை வைத்துவிட்டு எழும்பினோம்.

உம்மா போய்ப் பதினொரு நாளாகிறது. சின்னது இரண்டும் இப்போது மெஷினுக்குக் கீழே வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி விளையாடுகின்றன. மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வருவாள். வந்து சோறு தின்றுவிட்டுக் கணக்குக் கொப்பியை விரிப்பாள். தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தபடியே எட்டிப் பார்த்து, மூன்றாவது வரி பிழை என்பாள்.