கரையில் கொடுத்துவிட்டுப் போன காகிதம்

போன ஜூன் மாதம் அமெரிக்காவில், மேரிலாண்டில் இருக்கும் மகன் வீட்டில் இருந்தோம். ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் ஒரு பெரிய கடல் வரைபடத்தை மேஜையில் விரித்து, ஊறுகாய் பாட்டிலையும் உப்பு டப்பாவையும் மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைத்தான். "அப்பா, புதன்கிழமை லீவு போட்டிருக்கேன். உங்க ரெண்டு பேரையும் படகுல கூட்டிட்டுப் போறேன்" என்றான். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் வரல" என்றாள்.

படகு அவனுடையதுதான். அவனும் அலுவலக நண்பர் ஒருவரும் பாதிப் பாதி போட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். 22 அடி நீளம், பின்னால் ஒற்றை அவுட்போர்டு எஞ்சின். அன்னாபொலிஸ் ஊரில் பேக் கிரீக் என்ற ஓடையில் மாத வாடகைக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்காக அவன் பாடம் படித்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். மேரிலாண்ட் சட்டப்படி 1972 ஜூலை 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ் வேண்டுமாம். நான் 1951. எனக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது! படகில் பிரேக் இருக்காது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செசபீக் விரிகுடா சுமார் 320 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் 21 அடிதான். நம் வீட்டுக் கிணறு அதைவிட ஆழம். மகன் போட்டிருந்த திட்டம் இது. காலை பத்து மணிக்குக் கிளம்பி வடக்கே பே பிரிட்ஜுக்கு அடியில் போவது. 1952-ல் திறந்த பாலம், கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். அப்படியே கென்ட் தீவைச் சுற்றி கென்ட் நாரோஸ் என்ற இடுக்கில் மதியச் சாப்பாடு. பிறகு தெற்கே இறங்கி செயின்ட் மைக்கேல்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே அருங்காட்சியகம், இரவுச் சாப்பாடு. எல்லாம் முடித்து இருட்டில் திரும்புவது. "ராத்திரி விரிகுடாவுல விளக்கெல்லாம் பார்க்க அருமையா இருக்கும்ப்பா" என்றான்.

அழகான திட்டம்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? எத்தனை மணிக்குத் திரும்புவது என்றேன். "சாப்பிட்டு முடிச்சதும்" என்றான். அது எத்தனை மணி? வழியில் எரிபொருள் எங்கே போடுவது? அந்த ஓட்டலில் படகு கட்ட இடம் இல்லையென்றால் அடுத்த ஓட்டல் எது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசியில், "அப்பா, இது ரயில் இல்லை" என்றான். கொஞ்சம் கோபம்தான்.

ரயில் இல்லை என்பதால்தான் கேட்டேன். மறுநாள் அவனே உட்கார்ந்து விளக்கினான். அங்கே அலை ஏற்ற இறக்கம் ஓர் அடிதான், அதைப் பற்றிக் கவலையில்லை. கவனிக்க வேண்டியது காற்று. ஆழம் குறைந்த தண்ணீரில் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அடிக்கும். கோடையில் பிற்பகலில் திடீர் இடிமழையும் உண்டு. நம்ம ஊர் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர்கள் திசையையும் நாட் கணக்கையும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

எரிபொருளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் கையிருப்பு. செயின்ட் மைக்கேல்ஸ் நேர் வழியில் சுமார் 25 கடல் மைல். அவன் படகு ஒரு காலனுக்கு இரண்டு கடல் மைல் ஓடும். போய்வர 25 காலன், நம் கணக்கில் 95 லிட்டர். டாங்கில் 60 காலன் பிடிக்கும். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பென்ஷனையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு என்று வானிலை அறிக்கை சொன்னது. அதனால் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். காலை எட்டுக்குக் கிளம்பி நேரே செயின்ட் மைக்கேல்ஸ், பதினொன்றரைக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குள் வீட்டுத் துறை. பாலமும் கென்ட் நாரோஸும் போயின. பாலத்துக்கு அடியில் போகப்போகிறோம் என்று பள்ளித் தோழர்களிடம் சொல்லி வைத்திருந்த பேரன் என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

மனைவி மட்டும் அசையவில்லை. நீச்சல் சட்டை உண்டு, ரேடியோ உண்டு, 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் கடலோரக் காவல் படைக்குக் கேட்கும் என்று மகன் என்னென்னமோ சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நாம எங்க போயிருக்கோம்னு கரையில யாருக்குத் தெரியும்?"

மகன் என்னைப் பார்த்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் திருவாரூரில் டூட்டியில் இருந்தேன். அவளுடைய தங்கை மகன், இருபது வயதுப் பையன், "இதோ வந்துடறேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினான். கடற்கரைக்கா, துறைமுகத்துக்கா, கூட யார் என்று எதையும் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவனை எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாமல் மூன்று நாள் அலைந்தோம். அதற்குப் பிறகு அவள் கடற்கரைப் பக்கம் போனதில்லை.

மகன் எழுந்து போய் ஒரு காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தான். ஃப்ளோட் பிளான் என்று பெயர். படகின் நிறம், நீளம், பதிவு எண், ஏறுபவர்கள் பெயரும் வயதும், கிளம்பும் நேரம், போகும் வழி, நிற்கும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. இதைக் காவல் படையிடம் கொடுப்பதில்லை, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது லைன் கிளியர். ஒரு ஸ்டேஷனில் வண்டியை அனுப்பினால் அடுத்த ஸ்டேஷன்காரர் வந்து சேர்ந்தது என்று சொல்லும்வரை நம் பொறுப்பு தீராது. இத்தனை நாள் படகு ஓட்டியவன் இந்தக் காகிதத்தை ஒரு தடவைகூட நிரப்பியதில்லை என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மருமகள் அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

காகிதத்தை என் மனைவி சொல்லச் சொல்ல மகன் நிரப்பினான். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்கு மணிக்குள் போன் வராவிட்டால் முதலில் மகனின் எண், பிறகு இரண்டு படகுத் துறைகள், பிறகு காவல் படை. அந்த அம்மாள் சிரிக்காமல் வாங்கி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாராம்.

புதன்கிழமை விரிகுடா தட்டு மாதிரி கிடந்தது. துறையை விட்டு வெளியே வரும்வரை ஆறு நாட் வேகம்தான், காஷன் ஆர்டர் கொடுத்த வண்டி போல. வெளியே வந்ததும் இருபது. மனைவி என் முழங்கையைப் பிடித்த பிடி அரை மணி நேரம் தளரவில்லை. நண்டுக் கூடுகளின் மிதவைகள் வழியெல்லாம் கிடக்கும், கயிறு எஞ்சினில் சுற்றிக்கொள்ளும் என்பதால் பேரனை முன்னால் உட்கார்த்திப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். பாலத்தை அதோடு மறந்துவிட்டான். பிளடி பாயின்ட் என்ற முனையில் 1882-ல் கட்டிய கலங்கரை விளக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது.

செயின்ட் மைக்கேல்ஸில் முன்பே சொல்லிவைத்த இடம் காலியாக இருந்தது. கரையோர ஓட்டலில் மேஜை முழுக்கப் பழுப்புக் காகிதம் விரித்து, அவித்த நீல நண்டுகளை அதன்மேல் கொட்டினார்கள். கையில் ஒரு மரச் சுத்தியல். மசாலாவெல்லாம் ஓட்டுக்கு மேலேதான். சுத்தம் செய்யாமல் முழுசாக அப்படியே அவிக்கிறார்கள் என்று தெரிந்ததும் என் மனைவி தட்டைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. அவளே உடைத்து, வேண்டாததை ஒதுக்கி, பேரனுக்கு ஊட்டி, "சதை நல்ல இனிப்பு, ஆனா நம்ம நண்டுக் குழம்பு ஆகுமா" என்று தீர்ப்பும் சொன்னாள்.

இரண்டே முக்காலுக்குத் துறையில் கட்டியாகிவிட்டது. மழை அன்று வரவே இல்லை. "பாத்தீங்களாப்பா, பாலத்தைப் பார்த்திருக்கலாம்" என்று மகன் காரில் வரும்போது இரண்டு தடவை சொன்னான். நான் பதில் பேசவில்லை.

அதற்கு முன், கயிறு கட்டி முடித்த உடனே, மனைவி அவன் கையிலிருந்து போனை வாங்கி ஆசிரியையைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ரீச்ட். ஆல் ஃபைவ்" என்றாள். பிறகு எங்களை ஒரு தடவை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "எஸ், ஃபைவ்" என்றாள்.