555 நோட்டின் பின்பக்கம்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலின் கதவு திறந்ததும் முதலில் ஏறியவை பைகள். முறுக்கு டின்களைச் சுமந்து போய் இப்போது பாதி காலியாகத் திரும்பும் பைகள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இறக்கிவிட்டு கிள்ளானுக்குப் போகிறார்கள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். அம்மா ஜன்னலோரம், பத்து வயசு மகள் நடுவில், ஓரத்தில் மகன். பையனுக்குப் பதினெட்டு இருக்கலாம். உட்கார்ந்ததும் கைப்பேசியைக் குறுக்கே திருப்பிப் பிடித்தான். எனக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றதால் திரை நன்றாகத் தெரிந்தது.

சதுரம் சதுரமாய்ப் புல்வெளி, அதில் ஒரு குட்டி மனிதன். போக்கிமோன் என்றுதான் நினைத்தேன். ஆனால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து வந்த பிராணியை எந்தப் போக்கிமோன் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஓர் அடி ஓங்கி விழுந்துவிட்டது, பிராணி மயங்கியது, பிடிக்க முடியாமல் போனது. பையன் உச்சுக்கொட்டிவிட்டு, ஆட்டத்தையே மூடி, மறுபடி திறந்தான். அப்போதுதான் தலைப்பு தெரிந்தது: போக்கிமோன் யுரேனியம்.

நிண்டெண்டோ செய்ததல்ல அது. ரசிகர்கள் இரண்டு பேர், ஒன்பது ஆண்டு உழைத்து, காசு வாங்காமல் வெளியிட்டது. டாண்டோர் என்ற கற்பனை நாடு, அணு உலை விபத்தில் தாயை இழந்த பிள்ளை, 150க்கும் மேற்பட்ட புதுப் பிராணிகள். 2016 ஆகஸ்ட் 6இல் வந்தது. அதே நாளில்தான் போக்கிமோன் கோ மலேசியாவுக்குள் நுழைந்தது. ஊரே கேஎல்சிசி பூங்காவில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம். அந்த இரைச்சலில் இது யார் காதிலும் விழுந்திருக்காது என்று நினைத்தால், சில நாளிலேயே 15 லட்சம் பதிவிறக்கம். நிண்டெண்டோவின் வக்கீல் நோட்டீஸ்கள் பறந்தன. செய்தவர்களே சுட்டிகளை எடுத்துவிட்டு, அடுத்த மாதமே வேலையையும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஒரு பெரிய விருதுக்குப் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்து, சத்தமில்லாமல் நீங்கியது. அப்போது இந்தப் பையன் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பான். கணினிக்கென்று செய்த ஆட்டம், இப்போது ஜோய்பிளே செயலி வழியாக விரிசல் விழுந்த கைப்பேசியில் பாந்தாய் டாலாமைத் தாண்டிப் போகிறது.

பையன் மடியில் ஒரு 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே உள்ளங்கை அளவு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறான். பென்சிலில் கோடு, பிராணியின் பெயர், கிடைக்கும் இடம், எதிரே டிக். முதல் மூன்று பெயர்கள்: ஆர்க்கிங்ஸ், ராப்டார்ச், இலெடக்ஸ். ஆட்டம் தொடங்கும்போது இந்த மூன்றில் ஒன்றுதான் கைக்கு வரும்; மற்ற இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி.

"இன்னுமாடா முடியல?" அம்மா.

"கதை எப்பவோ முடிஞ்சிருச்சும்மா. புடிக்கிறதுதான் பாக்கி."

"முடிஞ்சதுக்கப்புறம் என்ன லா ஆட்டம்?"

பதில் இல்லை. அவன் ஓர் ஊருக்குள் நுழைந்தான். வீடு வீடாகப் போனான். அலமாரி, தொலைக்காட்சி, சுவர் மூலை எல்லாவற்றின் முன்னும் நின்று பொத்தானை அழுத்தினான். யார் எதிரே வந்தாலும் பேச்சுக் கொடுத்தான். ஒருவரிடமே இரண்டு தடவை, வேறு வார்த்தை ஏதும் வருகிறதா என்று.

"அண்ணே, அந்த நீலக் கூரை வீட்டுக்குப் போகல நீ." தங்கை.

"போயிட்டேன்."

"மாடிக்குப் போகல."

போனான். மாடியில் ஒரு கிழவி ஒரே ஒரு வரி பேசினாள். அவன் அதை முழுக்கப் படித்தான். இந்த மாதிரி ஆடுகிறவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து அந்த மாடியில் ஒரு கிழவியை உட்கார வைத்து, அவள் வாயில் ஒரு வரியையும் வைத்திருக்கிறாரே! கதையை மட்டும் முடித்துவிட்டுப் போகிறவன் அந்த மாடிக்கு ஏன் ஏறப் போகிறான்?

1996இல் வந்த முதல் போக்கிமோனே தனியாக ஆடுகிறவனை முடிக்க விடாது. சிவப்பு, பச்சை என்று இரண்டாகப் பிரித்து, சிலதை ஒன்றில் மட்டும் வைத்தார்கள்; கேபிள் மாட்டிச் சிநேகிதனிடம் மாற்றிக்கொண்டால்தான் உண்டு. அப்படி மாற்றிக்கொள்வது, சின்ன வயதில் டோக்கியோ புறநகரில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரியின் யோசனை. அத்தனையும் பிடித்து முடித்தால் ஒரு சான்றிதழ், அதுவும் திரையில் மட்டும்.

சுபாங் ஜெயாவில் கூட்டம் இறங்கியது. எதிர் இருக்கை காலியானது, நான் உட்காரவில்லை. புல்லில் அவன் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். வந்ததெல்லாம் டிக் போட்டவை. எல்லாவற்றிலிருந்தும் ஓடினான்.

"இது எப்ப வரும்ணே?"

"ஒரு பெர்சண்ட்தான் வரும்."

"சீட் கோட் போடேன்."

"போட்டா டிக் போட முடியாது."

யார் பார்க்கப் போகிறார்கள் என்று தங்கை கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஷா ஆலாம் தாண்டியதும் அந்தப் பிராணி வந்துவிட்டது. இந்த முறை மெதுவாக அடித்தான். உயிர்க்கோடு சிவப்புக்கு இறங்கியது, தூங்க வைத்தான், பந்தை எறிந்தான். பந்து ஒருமுறை ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினான். அதனால் எந்தப் பயனுமில்லை, கணக்கெல்லாம் எறிந்தபோதே போட்டாகிவிட்டது. உலகம் முழுக்க இதை ஆடுகிறவர்கள் அப்படித்தான் அழுத்துகிறார்கள். இரண்டாவது ஆட்டம். தங்கையும் தன் முழங்காலை அழுத்தினாள். மூன்றாவதில் நின்றது.

அவன் கத்தவில்லை. முதலில் சேவ் செய்தான், பிறகு பென்சிலைத் தேடினான்.

அதற்குள் நோட்டு அம்மா கைக்குப் போயிருந்தது. அவர் அதை முன்பக்கத்திலிருந்து திறந்தார். அங்கே முறுக்குக் கணக்கு: பெயர், அடுக்குமாடி, எத்தனை டின், காசு வந்ததா. டிக் இல்லாத பெயர்களில் விரல் ஒவ்வொன்றாக நின்று நின்று இறங்கியது. புக்கிட் பாடாக் போய்விட்டது, அடுத்தது கிள்ளான்.

"பாக்கி இன்னும் எத்தன பேருடா?"

"யாரோடதும்மா, உன்னோடதா என்னோடதா?"