நமுனுகுலச் சாரலிலே நாவுக்கு விருந்து

ஊர் காணப் புறப்படுவோர் மலையைக் காண்பர், அருவியைக் காண்பர், கோயிலையும் விகாரையையும் கண்டு கைகூப்புவர், படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவர். அவ்வூரின் அடுப்பைக் கண்டு வருவோர் மிகச் சிலரே. ஓர் ஊரின் வரலாற்றை அறிய நூல் நிலையத்துக்குச் செல்லவேண்டும் என்பதை ஆசிரியத் தொழில் செய்யும் நான் மறுக்க மாட்டேன். ஆயினும், அங்குள்ள சிறு கடையொன்றின் வாங்கிலே அமர்ந்து, அவ்வூர் மக்கள் உண்பதையே நாமும் உண்டு பார்த்தால், நூல்களில் விடுபட்ட சில பக்கங்களும் விளங்கும்.

பிலிப்பைன்ஸ் தீவுகளிலே தெருவோரச் சிறு உணவுக்கடைகளைக் ‘கரிந்தேரியா’ என்று அழைப்பர். சமைத்த பண்டங்கள் சட்டிகளிலே வரிசையாக இருக்கும். வேண்டியதை விரலாற் சுட்டிக் காட்டினாற் போதும், தட்டு நிரம்பிவிடும். அதனால் ‘தூரோ தூரோ’, அதாவது ‘சுட்டு, சுட்டு’ என்றும் அக்கடைகளுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. கரிந்தேரியா என்ற சொல்லின் வேரிலே ஒளிந்திருப்பது நமது ‘கறி’யே என்பர். சுவை தேடி அத்தீவுகளைச் சுற்றுவோர் பெரிய ஹோட்டல்களை விட்டு இக்கடைகளையே நாடுகின்றனர். அவர்கள் முறையையே நான் கைக்கொண்டு, விடுமுறை நாட்களிலே ஊவாவைச் சுற்றி வந்தேன். கற்பிக்கும் தொழில் என்னை இம்மாகாணத்துக்குக் கொண்டு வந்தது. கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இங்குள்ள கடைகள் தந்தன. நான் சைவ உணவினன் என்பதையும் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடையும் விடைத்தாளும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரையுள்ள மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமுடையது. 1924 ஆம் ஆண்டிலேதான் அது பதுளையை எட்டியது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரையிலே பாதை பாம்புபோல் வளைந்து சென்று அந்த நிலையத்தின் அடியிலேயே நுழையும் விந்தையையும் காண்பதற்காகப் பயணிகள் சன்னலோரம் முண்டியடிப்பர். எனக்கோ கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். “வடை, வடை!” என்ற குரல் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதிலேதான் என் கருத்து இருக்கும்.

கூடையிலே அடுக்கிய பருப்பு வடை, கூடவே பொரித்த செத்தல் மிளகாய். அவற்றைப் பழைய அப்பியாசக் கொப்பித் தாளிலே சுற்றித் தருவார்கள். ஒரு முறை எனக்குக் கிடைத்தது ஒரு மாணவனின் பூகோள விடைத்தாள். ஊவாவின் மழைக்காலம் எது என்ற வினாவுக்கு, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் என்று அவன் சரியாகவே எழுதியிருந்தான். திருத்தியவர் ஏனோ புள்ளி போடவில்லை. வடையின் எண்ணெய் ஊறிய அத்தாளுக்கு நான் மனத்துக்குள்ளே முழுப் புள்ளி வழங்கினேன். அந்த விடையின் அருமையைப் பின்னர் ஒரு கோப்பைத் தேநீர் எனக்கு விளக்கியது. அதை உரிய இடத்திலே சொல்கிறேன்.

இலைக் கஞ்சியும் குரக்கனும்

பதுளையிலே பொழுது விடியும் வேளையில் ‘கொல கெந்த’ என்னும் இலைக்கஞ்சி கிடைக்கும். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப் பாலும், வல்லாரை போன்ற கீரையின் சாறும் சேர்த்துக் காய்ச்சுவது அது. பச்சைப் பசேலென்ற அந்தக் கஞ்சியை ஒரு மிடறு குடிப்பதும், கையிலுள்ள கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடிப்பதுமாகக் காலைக் குளிரை விரட்டலாம். வயிற்றுக்கு இதமானது; மாசி, கருவாடு என்ற சங்கடமும் சைவனுக்கு இல்லை.

பதுளை மாவட்டத்தின் தென்மேற்கே பெரகல என்றொரு சந்தி உண்டு. அங்கு விற்கப்படும் ‘ஹலப’ நாடெங்கும் பெயர் பெற்றது. குரக்கன் மாவைத் தேங்காய்த் துருவலும் பாணியும் சேர்த்துப் பிசைந்து, கெந்த என்னும் மரத்தின் அகன்ற இலையிலே வைத்து மடித்து ஆவியில் அவிப்பர். இலையைப் பிரிக்கும்போது எழும் மணத்துக்கே காசு கொடுக்கலாம். தமிழ்நாட்டிலே பூவரசம் இலையில் அவிக்கும் கொழுக்கட்டையை அறிந்தவர்களுக்கு இது அந்நியப் பண்டமாகத் தோன்றாது.

குரக்கன் என்பது தமிழ்நாட்டார் கேழ்வரகு என்று சொல்லும் அதே தானியம். ஊவாக் கிராமத்துச் சிங்கள மக்கள் அதனைக் கிண்டி ‘தலப’ செய்வர். சேலத்து மக்கள் அதனையே கிண்டிக் களி என்பர். பெயர் இரண்டு, பண்டம் ஒன்று. 1817, 1818 ஆம் ஆண்டுகளிலே இம்மாகாணத்து மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அடக்க வந்த படைகள் வயல்களையும் வீடுகளையும் அழித்தன. நெல் வயல் பாழாகும் காலங்களிலே மக்களின் வயிற்றைக் காப்பது சேனையில் விளையும் குரக்கன் போன்ற சிறு தானியங்களே அன்றோ? ஹலபவின் இனிப்பிலே அந்தப் பழைய பசியின் நினைவும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மலையின் மேலே ஒரு ரொட்டி

பதுளையிலிருந்து பசறைக்கும், பசறையிலிருந்து நமுனுகுலவுக்குமாக பஸ் வண்டிகள் தேயிலைக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. ஒன்பது சிகரங்களை உடையதால் இம்மலைக்கு இப்பெயர் வந்ததென்பர். அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2000 மீற்றருக்கும் அதிகமான உயரமுடையது. கனவரல்ல, பிங்கராவ முதலிய தோட்டங்கள் அதன் சாரலிலே விரிந்து கிடக்கின்றன. கடைத்தெரு சிறியது. முகில் இறங்கிவிட்டால் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை கூடத் தெரியாது.

அங்கேதான் அந்தத் தேநீர்க் கடையைக் கண்டேன். தகரக் கூரை, இரண்டு வாங்குகள், விறகடுப்பு. கடையை நடத்துபவர் எழுபதை நெருங்கிய ஓர் அம்மையார். முன்னர் தோட்டத்திலே கொழுந்து பறித்தவர். கோதுமை மா, தேங்காய்த் துருவல், உப்பு, தண்ணீர் ஆகிய நான்கையும் பிசைந்து உருட்டி, உள்ளங்கையாலே தட்டித் தகட்டிலே போட்டார். அம்மியிலே செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் காத்திருந்தன.

“பெரியம்மா, சம்பலிலே மாசி சேர்ப்பீர்களா? எனக்குச் சைவமாக வேண்டும்” என்றேன்.

“அதுக்கென்ன சார்? மாசி போடாம இடிச்சுத் தர்றேன். ரெண்டு நிமிசம் குந்துங்க” என்றார்.

ஓரம் மொறுமொறுவென்றும் நடு மிருதுவாகவும் இருந்தது அந்த ரொட்டி. தேங்காய்த் துருவல் ஆங்காங்கே கருகி மணத்தது. தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் கண்ணிலே நீரை வரவழைத்தது. இரண்டு தின்று, மூன்றாவதும் கேட்டேன்.

“ரொட்டி தோட்டத்து மக்களின் பழைய சாப்பாடுதானே?” என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பழசு என்ன பழசு? எங்க ஆத்தா காலத்துல சோறுதான் சார். பொறகுதான் மாவு வந்துச்சு. அந்த மாவும் இல்லாத வருசம் ஒண்ணு வந்துச்சு. பலாக்கொட்டைய அவிச்சுத் தின்னோம். அதுக்கப்புறம் ரொட்டிய யாராச்சும் கொறைச்சுப் பேசுனா எனக்குக் கோவந்தான் வரும்” என்றார்.

மாவு வந்த கதை

அவர் கூறியது வரலாற்றுக்கு முற்றும் பொருந்தியது. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் சோறும் களியும் கூழும் உண்டு பழகியவர்கள். தோட்டத்திலே அவர்களுக்கு அரிசி அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திலே கழித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. அந்த அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது.

1942 ஆம் ஆண்டிலே பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல்கள் நின்றன, இலங்கையிலே அரிசிக்குப் பஞ்சம் வந்தது, பங்கீட்டிலே அரிசியின் இடத்தைக் கோதுமை மா பெருமளவு பிடித்துக்கொண்டது. யுத்தம் முடிந்தது, மாவோ போகவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரம் ஏது? தட்டிச் சுட்டு, துணியிலே சுற்றி மலைக்கு எடுத்துச் செல்ல ரொட்டி வசதியாயிருந்தது. இவ்வாறு, எங்கோ நடந்த போரின் விளைவாக வந்த ஒரு பண்டம், இன்று மலையகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அம்மையார் குறிப்பிட்ட அந்த வருஷம் 1973, 1974 ஆம் ஆண்டுக் காலம். உலகச் சந்தையிலே தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. நாட்டிலே அரிசிப் பங்கீடும் மாப் பங்கீடும் குறைந்தன. சொந்த நிலமில்லாத தோட்ட மக்களையே அப்பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கியது. 1974 இலே தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தமை அரசாங்கக் கணக்குகளிலேயே பதிவாகியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, முதலில் மெலிந்தது இந்த மக்களின் ரொட்டியே.

சாயத்தண்ணீரின் பெருமை

ரொட்டிக்குத் துணை தேநீர். பால் சேராத தேநீரைத் தோட்டத்து மக்கள் ‘சாயத்தண்ணி’ என்பர். சீனியை உள்ளங்கையிலே வைத்து நக்கிக்கொண்டு அதனைப் பருகுவதிலே ஒரு தனிச் சுகம் உண்டு.

முன்னர் சொன்ன விடைத்தாளுக்கு இப்போது வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் நுழைகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்த வறட்சியிலே தேயிலைச் செடி வாடி வருந்துகிறது. அந்த வருத்தத்திலேதான் அதன் இலையிலே அரிய வாசனைப் பொருள்கள் மிகுகின்றன. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேற்று; தசைவலித் தைலங்களிலே மணக்கும் அதே பொருள். தொண்டையிலே குளிர்ச்சி தட்டும் ‘ஊவாப் பருவத் தேயிலை’ என்று உலக வணிகர் போட்டியிட்டு வாங்குவது இதனையே. 1883 முதல் நடைபெற்று வரும் கொழும்புத் தேயிலை ஏலத்திலே அதற்குத் தனி மதிப்பு உண்டு. நல்ல இலை அங்கே போகிறது. பறித்தவர் வீட்டுக் கேத்தலிலே கொதிப்பது பெரும்பாலும் தூள் தேயிலையே. அத்தூளையும் பக்குவமாகக் காய்ச்சி, வந்தவருக்கு முதற் கோப்பையை நீட்டுகிறார்களே, அந்த உபசாரத்துக்கு எந்த ஏலத்திலே விலை கூறுவது?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

என் வகுப்பிலே லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் உண்டு. மதிய இடைவேளையிலே சோறு கொண்டுவந்தவன் மூடியை அகலத் திறப்பான். ரொட்டி கொண்டுவந்தவன் பாதி திறந்து, கையை உள்ளே விட்டுக் கிள்ளிக் கிள்ளித் தின்பான். ஏழ்மையின் அடையாளம் என்று அதனை யாரோ அவனுக்குக் கற்பித்துவிட்டார்கள். ஆனால் இதே மலையின் மறுபக்கத்திலே, எல்லவின் விடுதிகளிலே, கடல் கடந்து வந்த பிரயாணிகள் அதே தேங்காய் ரொட்டியையும் அதே சம்பலையும் காலை உணவாகக் கேட்டு வாங்கி, நல்ல விலை கொடுத்து, புகழ்ந்து உண்கின்றனர். பண்டம் மாறவில்லை, பார்க்கும் கண்தான் வேறு.

பிள்ளைகளே, உங்கள் பாட்டிமார் ஒரு போரையும் ஒரு பஞ்சத்தையும் கடந்து வந்தது அந்த ரொட்டியின் துணையால். அதை மறைத்து உண்ண வேண்டியதில்லை. இதனை வகுப்பிலே சொற்பொழிவாகச் சொல்லிப் பார்த்தேன். பெரும் பயன் விளையவில்லை. ஆகவே வாரத்தில் ஒரு நாள் நானும் ரொட்டி கொண்டு செல்லத் தொடங்கினேன். மூடியை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளின் நடுவிலேதான் உண்கிறேன். இரண்டு மாதத்துக்குள் சம்பல் பண்டமாற்று ஆரம்பமாகிவிட்டது. யார் வீட்டுச் சம்பல் உறைப்பு என்பதிலே இப்போது பெரிய போட்டி!

நமுனுகுலப் பக்கம் செல்லும் அன்பர்கள் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. மழைக்கோட்டும் கொஞ்சம் சில்லறையும் கையிலே இருக்கட்டும். சைவராயின், மாசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குமேற் சென்றால் ரொட்டி தீர்ந்துவிடும்.