எதற்காகக் காத்திருக்கிறது?

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவனுக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு." மில் ஆபீஸ், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர்களின் கணக்கறை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை என்று இடம்தான் மாறும். என் பதிலும் மாறாது. "ஆஃப் பண்ணிராதீங்க. கேப்ஸ் லாக்கைத் தட்டுங்க. லைட் எரிஞ்சு அணையுதா?"

அணைந்து எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, நின்றது ஒரு புரோகிராம்தான். (இப்போது பல வயர்லெஸ் கீபோர்டுகளில் அந்த லைட்டே கிடையாது. வீண் கஞ்சத்தனம்.)

ஒரு புரோகிராம் 5 விநாடி எந்தக் கட்டளையையும் வாங்கிக்கொள்ளாவிட்டால், விண்டோஸ் அதன்மேல் வெளுத்த நகல் ஒன்றைப் போர்த்தி 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு எதற்கோ அது காத்து நிற்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

ஆடிப்பூரத் தேர் நேரத்தில் ஒரு பால்கோவா கடையில் பில் போடும் திரை வெளுத்துவிட்டது. வாசல் வரைக்கும் கூட்டம். பில் போடும் பெண் பிரிண்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. "கையை எடும்மா, அழுத்தினதெல்லாம் வரிசையில கிடக்கும், முழிச்சதும் அத்தனை பில்லும் வரும்" என்றேன். திரையில் தெரிந்த தொகைகளை முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். சேமிக்காத கணக்குக்கு அதுதான் காப்பு. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பூஜ்யம், டிஸ்க்கும் பூஜ்யம். அப்படியென்றால் அது வேலை செய்யவில்லை, யாரையோ எதிர்பார்க்கிறது. டீடெயில்ஸ் பக்கத்தில் பில் சாப்ட்வேரின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுத்தேன். பிரிண்டருக்குத் தூது போகும் சின்ன நிரல் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் நிறுத்தினேன். பில் சாப்ட்வேர் தானாக எழுந்தது. பிரிண்டரின் யுஎஸ்பி வயர் பின்பக்கம் லேசாகக் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் கதை வேறு. பழைய ஹார்டு டிஸ்க் மெஷினில் வைரஸ் ஸ்கேனோ விண்டோஸ் அப்டேட்டோ ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எண்ட் டாஸ்க் கொடுத்தால், பாதி எழுதிய கணக்கு ஃபைல் கெட்டுப்போகலாம். டீ குடித்துவிட்டு வரலாம். நாலு கோர் மெஷினில் சிபியூ 25 சதவீதத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றால், பெரும்பாலும் புரோகிராம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, அசையாவிட்டால் தயங்காமல் முடித்துவிடுவேன்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்காக டேவிட் பிராட்லி என்ற இன்ஜினியர் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டை அமைத்தபோது, அதை அழுத்தினால் மொத்த மெஷினும் மறுபடி கிளம்பும். இன்று அதே கீக்கள் டாஸ்க் மேனேஜருக்கு வழி காட்டுகின்றன. நம் ஊரில் பல விரல்கள் இன்னும் 1981-லேயே இருக்கின்றன. எது நின்றாலும் நேரே பவர் பட்டனுக்குப் போகின்றன.

அடுத்த முறை போன் செய்யும்போது 'ஹேங் ஆயிருச்சு' என்பதோடு நிறுத்தாதீர்கள். கேப்ஸ் லாக் லைட் எரிந்து அணைகிறதா, சிபியூ எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும், எனக்குப் பெட்ரோலும் மிச்சம்.