பிள்ளைக்கு ஓர்கன் படிக்க வேண்டுமாம்

போன வருடம் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு. மேசையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கிரேட் 12 தொடங்கியிருந்த மகள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அம்மா, நான் மியூசிக்குக்கு அப்ளை பண்ணப்போறன். ஓர்கன் பெர்ஃபோமன்ஸ்."

என் கணவர் கேட்டார்: "ஓர்கன் எண்டா கீபோர்ட் தானே? அதுக்கு என்னத்துக்கு நாலு வருஷம்?"

என் அம்மாவின் கவலை வேறு. "சேர்ச்சில வாசிக்கிறதெல்லோ அது? பிள்ளை வேதத்துக்கு மாறப்போறாளோ?"

நான் ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை என்ன, சனங்கள் கேட்டால் என்ன சொல்வது. அந்தக் கடைசிக் கேள்வியை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அது தெரிந்த கேள்விதான்.

அவள் ஆறு வயதில் பியானோ தொடங்கினாள். மிசிசாகாவில் நம்மவர் பிள்ளைகள் பாதிப்பேர் போகிற வழிதான்: சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, பின்னேரம் நீச்சல், புதன்கிழமை பியானோ. கிரேட் 9இல் பாடசாலைக் கொயரோடு டவுன்டவுனில் ஒரு தேவாலயத்தில் பாடப் போனாள். பாட்டு முடிந்ததும் அங்கிருந்த ஓர்கன் கலைஞர், விருப்பமான பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் வாசிக்க விட்டார். மகள் வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வசனம்தான்: "அம்மா, நான் ஒரு நோட் அமத்தினன், கட்டடமே பாடிச்சுது." அந்த வருடமே பியானோ ஆசிரியையின் உதவியோடு ஓர்கன் சொல்லித்தரும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். "சரி, என்னென்ன கேக்கினம் எண்டு முழுக்க பிரிண்ட் பண்ணிக்கொண்டு வா, பாப்பம்" என்றேன். நான் வேலை செய்வது பார்மசியில். நிபந்தனைகள் வாசிப்பது எனக்குப் பழக்கம். எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும், அதைக் காட்டி இவளை லைஃப் சயன்ஸ் பக்கம் திருப்பலாம் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். ரொறன்ரோப் பல்கலைக்கழக இசைப்பீடத்திலும், மொன்றியலில் மக்கில்லின் சூலிக் இசைப்பள்ளியிலும் ஓர்கனை முதன்மை வாத்தியமாக எடுத்து இளங்கலைப் பட்டம் படிக்கலாம். ஒன்ராறியோவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டிய அதே அடிப்படைதான் முதலில்: ஹைஸ்கூல் டிப்ளோமா, ஆங்கிலம் உட்பட ஆறு கிரேட் 12 பாடங்கள். அதற்கு மேல்தான் இசைக்காரருக்கான கதவு.

முதலாவது ஓடிஷன். வெவ்வேறு காலத்துக்குரிய உருப்படிகளை நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். ஓர்கன்காரருக்கு பாஹ் இல்லாமல் சரிவராது. மகள் தெரிவு செய்தவை மூன்று: பாஹ்ஹின் ஒரு பிரெலூட்டும் ஃபியூகும், பிரெஞ்சுக்காரர் சேசார் ஃபிராங்க்கின் ஓர் உருப்படி, ஹீலி வில்லன் எழுதிய சிறியது ஒன்று. வில்லன் 1913இல் இங்கிலாந்தில் இருந்து ரொறன்ரோவுக்கு வந்தவர். 1968இல் இறக்கும்வரை இந்த நகரத்திலேயே வாசித்தும் படிப்பித்தும் வாழ்ந்தவர். "அவரும் இமிக்ரன்ட் தான் அம்மா" என்றாள்.

இரண்டாவது, முன்பின் பாராத தாளை வைத்த உடன் வாசிப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது போன்ற சோதனைகள். ஓர்கன் தாளில் பியானோவைப் போல இரண்டு வரிசை அல்ல, மூன்று. மேல் இரண்டும் கைகளுக்கு, மூன்றாவது கால்களுக்கு. கீழே பெடல் பலகையில் வழக்கமாக 32 கட்டைகள். அவற்றைக் குனிந்து பார்க்காமல் பாதத்தாலேயே தேடிப் பிடிக்க வேண்டும். இதைக் கேட்ட பிறகு என் கணவர் கீபோர்ட் என்ற சொல்லைப் பாவிக்கவில்லை.

மூன்றாவது தியரி. இங்கேதான் நான் தேடிய ஓட்டை கிடைத்தது. ஆனால் அதைப் போட்டது நான்தான்.

றோயல் கொன்சர்வேற்றரி பரீட்சைகள் உங்களுக்குத் தெரியும். 1886இல் தொடங்கிய நிறுவனம். நம் வீடுகளின் சுவர்களில் அதன் சான்றிதழ்கள்தான் தொங்குகின்றன. லெவல் 10 வரை போய், அதற்கு மேல் ஏஆர்சிடி. பியானோவைப் போல ஓர்கனுக்கும் தனிப் பாடத்திட்டம் உண்டு. மகள் பியானோவில் லெவல் 8 வாசிப்புப் பரீட்சையை நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணியிருந்தாள். ஆனால் வாசிப்பை மட்டும் பாஸ் பண்ணினால் சான்றிதழ் முழுமையாகாது. அந்த லெவலுக்குரிய தியரியும் எழுத வேண்டும். ஆசிரியை இரண்டு தடவை நினைவுபடுத்தினார். "எழுத்துப் பரீட்சை தானே மிஸ், பிறகு பாப்பம்" என்று தள்ளிப் போட்டது நான். மத்ஸ் டியூஷனும் தியரி வகுப்பும் ஒரே நாளில் வந்தன. நான் மத்ஸைத் தெரிவு செய்தேன்.

அதனால் இழந்தது சின்ன விஷயம் அல்ல. ஒன்ராறியோவில் லெவல் 7 வாசிப்பும் தியரியும் முடித்தால் ஒரு கிரேட் 11 கிரெடிட். லெவல் 8 இரண்டும் முடித்தால் ஒரு கிரேட் 12 கிரெடிட். அந்தக் கிரேட் 12 கிரெடிட், பல்கலைக்கழகம் கேட்கும் ஆறு பாடங்களில் ஒன்றாகவும் எண்ணப்படக்கூடியது. அது கையில் இருந்திருந்தால் இந்த வருடம் அவளுக்கு ஒரு பாடம் குறைந்திருக்கும், பயிற்சிக்கு நேரம் கூடியிருக்கும்.

"சொறி பிள்ளை" என்றேன். அவள் கோபிக்கவில்லை. தன் ஃபோனைத் திறந்து காட்டினாள். டிசம்பர் தியரிப் பரீட்சைக்கு ஏற்கெனவே பதிந்திருந்தாள், கோடை விடுமுறையில் டிம் ஹோர்ட்டன்ஸில் உழைத்த காசில். எனக்குப் பேச வாய் வரவில்லை. நான் தடை தேடிக்கொண்டிருந்த தாளை அவள் ஒரு வருடத்துக்கு முன்னமே வாசித்து, ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தாள்.

ஒரு நிபந்தனை மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. பயிற்சிக்கு ஓர்கன் வேண்டும். பியானோவை வீட்டில் வைக்கலாம். பைப் ஓர்கனை எங்கே வைப்பது? அதன் அளவுகளே அடிக்கணக்கில். எட்டு அடி என்று எழுதிய ஸ்டொப்பில் மிகப் பெரிய குழாய் ஏறக்குறைய எட்டு அடி நீளம். பதினாறு அடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. டவுன்டவுனில் றோய் தொம்சன் மண்டபத்து ஓர்கனில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள். ஆக, சேர்ச்சைத் தவிர வழியில்லை. எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு சிறிய தேவாலயம் அவளுக்குத் திறப்புத் தந்தது. பதிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு சிறு தொகையும் கொடுத்தார்கள்.

ஞாயிறு என்றால் நாங்கள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நாள். அம்மம்மாவுக்கு அது பெரிய பிரச்சினையாகப் போய்விட்டது. இரண்டு கிழமை பேத்தியோடு சரியாகக் கதைக்கவில்லை. கடைசியில் மகள்தான் கூப்பிட்டாள்: "அம்மம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூட்டிப் போனோம். உள்ளே ஒருவரும் இல்லை. அம்மா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். "அம்மா, இங்க கழட்டத் தேவையில்லை" என்றேன். "சாமி இருக்கிற இடம் தானே" என்று காலுறையோடு நடந்துபோய்ப் பின்வாங்கில் இருந்தார்.

மகள் மேலே போய், பையில் இருந்து வேறொரு சோடி சப்பாத்து எடுத்தாள். ஓர்கன் வாசிப்பவர்களுக்கென்று மெல்லிய அடியும் சிறு குதியும் உள்ள சப்பாத்து உண்டு. அதை வெளியே போட மாட்டார்கள். மணலோ உப்போ பெடலில் படக்கூடாது. வீதிச் சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டு ஏறினாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாஹ் வாசித்தாள். ஓர் இடத்தில் கால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கைகள் இரண்டும் மேலே ஓடின. அம்மா என் பக்கம் சரிந்து, "சுருதி பிடிச்சுக்கொண்டு நிக்குது என்ன?" என்றார். ஊரில் அவர் தேவாரம் படித்தது ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து. அவருக்கு நான் விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை.

வேலை? அதையும் விசாரித்தேன். தேவாலயங்களில் இசைப் பொறுப்பாளர், கலியாணம், செத்தவீடு, கொயருக்குத் துணை வாசிப்பு, படிப்பிப்பு என்று பலதையும் சேர்த்துத்தான் பலர் வாழ்கிறார்கள். 1909இல் தொடங்கிய கனடிய ஓர்கன் கலைஞர் சங்கமும் தனியாகப் பரீட்சைகள் நடத்துகிறது. அவற்றின் தகுதிகள் வேலைக்கு உதவும். பெரிய சம்பளம் என்று சொல்ல மாட்டேன். மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். "தெரியும் அம்மா" என்றாள். பியானோவுக்குப் புகழ்பெற்ற கிளென் கூல்டும் ஓர்கன் படித்தவர்தான் என்றாள். 1945இல், பதின்மூன்று வயதில், ஈட்டன் மண்டபத்தில் அவர் அரங்கேறியது ஓர்கனோடு.

ஒரு சமரசமும் செய்தோம். விண்ணப்பத்தில் இரண்டு இசைத் தெரிவுகள், ஒரு லைஃப் சயன்ஸ். அது எனக்காக.

உங்கள் பிள்ளை இசையில் இருந்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கிரேட் 10இலேயே அந்த நிபந்தனைத் தாளைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். தியரியைத் தள்ளிப் போடாதீர்கள். பயிற்சிக்கு இடம் எங்கே என்று முதலே கேளுங்கள். என்னைப் போல ஓட்டை தேடுவதற்காக வாசிக்காதீர்கள்.

பெப்ரவரியில் ஓடிஷன்கள் முடிந்தன. ஓர் இடம் இல்லை என்றது. அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், நான் வாசலில் நின்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு மற்ற இடம் ஓம் என்றது. லைஃப் சயன்ஸும் ஓம் என்றது. அந்தக் கடிதத்தை நான்தான் இன்னும் வைத்திருக்கிறேன், அவள் கேட்கவில்லை.

போன கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டு ஐம்பது டொலர் தந்தார். "பிள்ளையின்ர அந்தச் சப்பாத்து அடி தேஞ்சு போச்சு. புதுசு ஒண்டு வாங்கிக் குடு" என்றார்.