மீனுக்கும் குணம் உண்டு

மீன்தொட்டிக்கு மீன் தெரிவுசெய்யும்போது நிறத்தோடு குணத்தையும் பாருங்கள், சகோதரிகளே. யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறிய கடின நீர். கப்பியும் மொலியும் அதில் சுகமாக வாழும். மொலி ஆளைக் கண்டால் இரைக்கு ஓடிவரும். குட்டி போட்டுவிட்டுத் தானே தின்னவும் பார்க்கும். பாசி நிறையப் போட்டால் சில தப்பும்.

ஃபைற்றர் வேறு ரகம். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் கிழித்துக்கொள்ளும். ஆனால் நுரையால் கூடு கட்டுவதும், நழுவும் முட்டையை வாயால் எடுத்து மீண்டும் கூட்டில் வைப்பதும் ஆண்தான். முட்டையிட்ட பெண்ணை உடனே வேறாக்க வேண்டும்.

2009இல் தகப்பன் காணாமல் போனபின் என் மகன் அதிகம் பேசாமல் இருந்தான். அவனுக்காகத்தான் 2 அடித் தொட்டி வாங்கி, ஒரு பக்கத்தை மறித்து ஃபைற்றரை விட்டேன். கூட்டடியில் காவல் நின்ற மீனுக்கு ‘அப்பா’ என்று பெயர் வைத்தான். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அதையும் பிரித்துவிடச் சொன்னார் கடைக்காரர். மகன் விடவில்லை. இரண்டு நாள் தொட்டியடியிலேயே இருந்தான்.