பூன் குடும்பத்தின் தாய்ப்பத்திரம்

தென்காசி

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. கெண்டக்கியில் லெக்சிங்டன் பக்கத்தில் இருக்கிற பூன்ஸ்பரோ கோட்டைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்வந்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் ரசித்துப் படித்தோம். அதன் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அந்தக் கோட்டையைக் கட்டிய டேனியல் பூன் பள்ளிக்கூடத்தை அதிகம் மிதிக்காதவர், பாதி வாழ்க்கையை வேட்டைக்காட்டில் கழித்தவர். அப்படிப்பட்டவருடைய பாட்டனார் எந்த ஊர், எந்த மாதம் புறப்பட்டார் என்பது வரை எப்படிச் சொல்கிறார்கள் என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான். அங்கே நான் கண்டது, சுமுகமாக வாழ்ந்த குடும்பம் காகிதத்தில் அகப்படாது என்பதுதான். பங்காளிச் சண்டை வரும்போதுதான் பத்திரம் வரும், சாட்சி வருவார், கையெழுத்து வரும். பூன் குடும்பத்தை மூன்று நூற்றாண்டு தாண்டி நாம் பார்க்க முடிவதும் அதனால்தான். அவர்கள் முதலில் சபையோடு மல்லுக்கட்டினார்கள், பிறகு நிலத்துக்காக, கடைசியில் அரசாங்கத்தோடு.

பாட்டனார் ஜார்ஜ் பூன் 1666 இல் பிறந்தவர். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில், எக்ஸெட்டர் நகருக்கு அருகே பிராட்னிஞ்ச் என்ற ஊரில் தறி நெய்து பிழைத்தார். அவருடைய அப்பா கொல்லர். இப்படிப்பட்ட வீட்டின் கதையை யார் எழுதி வைப்பார்கள்? ஆனால் ஜார்ஜ் குவேக்கர் சபையில் சேர்ந்தார். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள் குவேக்கர்கள். அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் தொட மாட்டார்கள், அதற்காகச் சிறைக்கும் போனார்கள். ஊர்க் கோயிலோடு சேராததால் தங்கள் ஆட்களின் கணக்கைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு தடவை கூடுவார்கள். யாருக்குக் கல்யாணம், யார் ஊர் மாறுகிறார், யார் ஒழுங்கு தவறினார் எல்லாம் சபையின் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

ஜார்ஜ் முதலில் மூத்த பிள்ளைகள் மூன்று பேரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பி நிலவரம் பார்த்தார். வில்லியம் பென் குவேக்கர்களுக்காக உண்டாக்கிய குடியேற்றம் அது. பிறகு 1717 ஆகஸ்டில் மனைவி மேரியோடும் மற்றப் பிள்ளைகளோடும் கிளம்பி அந்த இலையுதிர் காலத்தில் பிலடெல்பியா சேர்ந்தார். கையில் டெவனின் கல்லம்ப்டன் சபை கொடுத்த நன்னடத்தைச் சான்று இருந்தது. க்வினெத் என்ற ஊரின் சபை அதை வாங்கி வாசித்து ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. கடலுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு அந்த ஒரு காகிதம். அமெரிக்காவில் வேர் தேடுகிற எத்தனையோ குடும்பங்கள் துறைமுகத்தோடு நின்றுபோவது அப்படி ஒரு காகிதம் கிடைக்காததால்தான்.

மூன்று வருஷத்துக்குள் அதே குறிப்பேட்டில் இன்னொரு பதிவு. மகள் மேரியை ஜான் வெப் என்பவர் மணக்க ஜார்ஜ் சம்மதம் சொல்லிவிட்டார். சபை முறைப்படி அது தவறு. 1720 இல் கூட்டத்தின் நடுவே எழுந்து, அவசரப்பட்டுச் சம்மதித்துவிட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த மனிதரின் குரல் நமக்குக் கேட்பது அந்த இடத்தில்தான். பிறந்த தேதியும் இறந்த தேதியும் தராத ஒன்றை அந்த மன்னிப்பு தருகிறது. மகளின் ஆசைக்கு முன்னால் சட்டத்தை மறந்த அப்பா அவர்.

உன் பையன் தானே தேடத் தொடங்கினால் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்கச் சொல். மாதங்களின் பெயர்களில் சில வேற்றுத் தெய்வங்களின் பெயர்கள் என்பதால் குவேக்கர்கள் அவற்றை எழுத மாட்டார்கள், எண்தான் போடுவார்கள். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, ஆகவே மார்ச்தான் முதல் மாதம். ஜார்ஜின் மகன் ஸ்கொயர் பூன் சாரா மார்கன் என்ற வேல்ஷ் குடும்பத்துப் பெண்ணை மணந்தது 1720 ஆம் ஆண்டு ஏழாம் மாதம் 23. அது செப்டம்பர். ஜூலை 23 என்று அச்சிட்டிருக்கிற வம்சாவளிகளைக் கண்டால் மற்றத் தேதிகளையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல். டேனியலின் பிறந்தநாளிலும் இதே சிக்கல்தான். பழைய நாள்காட்டிப்படி 1734 அக்டோபர் 22, புதியதில் நவம்பர் 2. நாள்காட்டி மாறிய பிறகும் அவர் அக்டோபரை விடவில்லை.

ஸ்கொயர், சாரா தம்பதிக்குப் பதினொரு பிள்ளைகள், டேனியல் ஆறாவது. ஓலி பள்ளத்தாக்கில், இன்றைய ரெடிங் நகருக்குப் பக்கத்தில் வசித்தார்கள். 1742 இல் மூத்த மகள் சாரா சபைக்கு வெளியே ஜான் வில்காக்சன் என்பவரை மணந்தாள். கல்யாணத்தின்போதே கர்ப்பம். பெற்றோர் சபையின் முன் வருத்தம் தெரிவித்தார்கள். 1747 இல் மூத்த மகன் இஸ்ரேலும் வெளியே மணம் முடித்தான். இந்தத் தடவை ஸ்கொயர் வருத்தம் தெரிவிக்க மறுத்துவிட்டார். 1748 இல் சபை அவரை நீக்கியது. மனைவி சாரா உறுப்பினராகவே நீடித்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்வந்தாள். ஒரே வீட்டில் ஒருவர் விலக்கப்பட்டவர், மற்றவர் சபைக்காரி! 1750 இல் ஸ்கொயர் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டார். அப்போது டேனியலுக்கு வயது பதினைந்து. நல்ல மலிவு நிலம் தேடித்தான் போனார்கள் என்பது சரிதான், அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் போனார்கள். ஆனாலும் சபையோடு ஏற்பட்ட அந்த விரிசலை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. டேனியல் கடைசிவரை எந்தச் சபையிலும் சேரவில்லை.

மோக்ஸ்வில் என்ற ஊரின் ஜோப்பா கல்லறைத் தோட்டத்தில் ஸ்கொயரின் கல் இருக்கிறது. 1765 ஜனவரி 2 இல் இறந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். ஜனவரி என்பதையே எழுத்துக்கூட்டத் தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள். குறிப்பேடு வைத்திருந்த சமுதாயத்தைவிட்டு வந்தாயிற்று என்பதை அந்தக் கல்லே காட்டிக்கொடுக்கிறது.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பையனுக்குப் பிடிக்கும். டேனியலின் சித்தப்பா மகள் ஆன் பூன் 1760 இல் ஆபிரகாம் லிங்கன் என்பவரை மணந்தாள். ஜனாதிபதி லிங்கன் அல்ல, அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. அப்பா ஒருவர், தாய் வேறு.

சபையை விட்டு வந்த பிறகு பூன் குடும்பத்தைத் தேட வேண்டிய இடம் நிலப் பதிவேடு. அங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொள்கிறது. ஒரு சொத்தைக் கையில் எடுத்தால் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்க வேண்டும். நீ பார்த்துவந்த பூன்ஸ்பரோவுக்குத் தாய்ப்பத்திரம் எது? 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹென்டர்சனின் டிரான்சில்வேனியா கம்பெனி, சிகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கி மக்களின் தலைவர்களிடம் சுமார் இரண்டு கோடி ஏக்கரைச் சாமான்கள் கொடுத்து வாங்கியதாகச் சொன்னது. இளம் தலைவர் டிராகிங் கனூ அதை எதிர்த்து வெளியேறினார். அந்த நிலத்தில் காலங்காலமாக வேட்டையாடிவந்த ஷானி மக்கள் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை. கம்பெனியின் கிரயத்தை வர்ஜீனியா அரசாங்கமும் பின்னால் செல்லாதென்று தள்ளியது. அந்தக் கிரயத்தை நம்பித்தான் டேனியல் சுமார் முப்பது மரவெட்டிகளோடு வழி வெட்டிக்கொண்டு போனார். அவருடைய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டையைப் பற்றிப் பையனிடம் பேசும்போது இந்த வில்லங்கத்தை முதலில் சொல். அதன் பிறகு நடந்த ரத்தக்களறி பெரும்பாலும் அதிலிருந்து வந்தது.

அதே காரணத்தால் பூன் குடும்பத்தின் கதையில் ஷானிகளும் உறவினர்கள் ஆனார்கள். 1778 இல் அவர்கள் டேனியலைப் பிடித்துக்கொண்டு போனபோது தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்து எடுத்து, பெரிய ஆமை என்று பொருள்படும் பெயர் வைத்தார். சில மாதங்களில் தப்பி வந்து அதே தலைவரின் முற்றுகையிலிருந்து கோட்டையைக் காத்தார். ஆனாலும் அவருடைய ஆட்களே அவரைத் துரோகி என்று சந்தேகப்பட்டு ராணுவ விசாரணை வைத்து, பிறகு விடுவித்தார்கள். முதுமையில் மிசூரிக்குப் போனபோது அங்கே வந்து குடியேறியிருந்த பழைய ஷானி நண்பர்களைச் சந்தித்துப் பேசியிருக்கிறார்.

வர்ஜீனியா 1779 இல் நிலச் சட்டம் கொண்டுவந்தபோது அரசாங்கமே அளந்து கொடுக்கவில்லை. நில வாரண்ட் என்ற உரிமைச் சீட்டை வாங்கியவர் தானே இடம் தேர்ந்து, தானே சர்வேயரைப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும். எல்லை என்பது ஓடை, பாறை, மரம். ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று பேருடைய உரிமை, கூரை ஓட்டின் மேல் ஓடு கிடப்பதுபோல, அடுக்கிக்கொண்டு கிடந்தது. வழக்கு வந்தால் ஆட்கள் அந்த இடத்துக்கே போவார்கள். முதலில் அடையாளம் வெட்டியவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். இந்த மரம்தானா என்று கேட்பார்கள். வெட்டுக்காயத்தின் மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கும். அந்தத் துண்டைச் செதுக்கி எடுத்து வளையங்களை எண்ணுவார்கள். எத்தனை வளையமோ அத்தனை வருஷம். மரமும் சாட்சி சொன்னது! டேனியல் சர்வேயராகவும் இருந்தவர் என்பதால் பிறர் வழக்குகளிலும் பல தடவை சாட்சி சொன்னார். எந்த ஆண்டு எந்த ஓடைக்கரையில் இருந்தார், கூட யார் இருந்தார் என்பது அந்த வாக்குமூலங்களில் கிடைக்கிறது. ஜான் ஃபில்சன் 1784 இல் வெளியிட்ட கெண்டக்கி புத்தகத்தில் டேனியலே பேசுவதுபோல எழுதிய அலங்காரக் கதையைவிட இந்த வாக்குமூலங்களை நான் அதிகம் நம்புகிறேன்.

அந்த வழக்குகளே அவரை ஒட்ட உறிஞ்சின. 1798 இல் சாட்சிக்கு வராததால் கைது வாரண்ட் பிறந்தது. அதே வருஷம் கெண்டக்கி சட்டமன்றம் ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. மறு வருஷம் அவர் அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த மிசூரிக்குப் போய்விட்டார். அங்கே கிடைத்த நிலமும் அமெரிக்க ஆட்சி வந்ததும் கைவிட்டுப் போய், 1814 இல் காங்கிரஸ் தீர்மானத்தால் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதையும் விற்றுப் பழைய கடன்களுக்குக் கொடுத்தார்.

மனைவி ரெபெக்காவைத் தேடினால்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1756 இல் மணம், பத்துப் பிள்ளைகள். புருஷன் வேட்டைக்குப் போனால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வரமாட்டார். நிலத்தையும் வீட்டையும் கட்டிக் காத்தவள் அவள். அவள் பெயர் நீதிமன்றக் காகிதங்களில் அபூர்வம். அதற்குப் பதிலாக ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1762 இல் பிறந்த மகள் ஜெமைமா, டேனியல் செத்துவிட்டார் என்று நினைத்த காலத்தில் அவருடைய தம்பிக்குப் பிறந்தவள் என்று ஒரு கதை. சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறுகிறது. இப்படிப்பட்டதை வம்சாவளியில் ஏற்றக் கூடாது என்பது என் முடிவு. காகிதத்தில் நிற்பது வேறு. 1778 இல் கணவன் இறந்தான் என்று எண்ணி ரெபெக்கா பிள்ளைகளோடு கரோலினாவுக்குத் திரும்பிப் போனபோது, கோட்டையிலேயே தங்கி அப்பா வருகைக்குக் காத்திருந்தவள் ஜெமைமா. 1813 இல் ரெபெக்காவின் உயிர் பிரிந்ததும் ஜெமைமாவின் வீட்டில்தான்.

இந்தக் கதைகள் நமக்கு வந்து சேர்ந்ததற்கு லைமன் டிரேப்பர் என்ற மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1815 இல் பிறந்தவர், குடியேறிகளின் நினைவுகளைச் சேகரிப்பதையே வாழ்வாக்கிக்கொண்டவர். 1851 இல் டேனியலின் கடைசி மகன் நேத்தனையும் அவர் மனைவி ஆலிவையும் மிசூரியில் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். நேத்தன் அப்போது கிழவர், சில வருஷங்களில் இறந்தும்போனார். டிரேப்பர் எழுத நினைத்த பூன் சரித்திரத்தை முடிக்கவே இல்லை. ஆனால் அவர் சேர்த்த தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மூத்த மகன் ஜேம்ஸின் சாவு பற்றியும் எழுதிவிடுகிறேன். 1773 அக்டோபர் 10 அன்று கெண்டக்கிக்குப் போகும் வழியில், முதல் குடியேற்ற முயற்சியிலேயே, ஷானிகளும் மற்றவர்களும் அவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வயது பதினாறு. கடைசி நேரத்தில் அவன் என்ன சொல்லிக் கதறினான் என்பது வரை பூன் குடும்பத்துக்குத் தெரிந்தது. சொன்னவன் ஆடம், கூட வந்த வில்லியம் ரஸ்ஸல் குடும்பத்தின் அடிமை. ஆற்றோரம் அடித்து ஒதுங்கிய மரக்குவியலில் ஒளிந்து அனைத்தையும் பார்த்து, நாள்கணக்கில் காட்டில் அலைந்து உயிரோடு திரும்பினான். கூட இருந்த இன்னொரு அடிமை சார்லஸ் திரும்பவில்லை. பூன் வீட்டின் மிகப் பெரிய துயரத்துக்குச் சாட்சி ஆடம். அவனுடைய அப்பா பெயர், ஊர் எதுவும் எந்த வம்சாவளியிலும் இல்லை. டேனியலும் பின்னால் அடிமைகள் வைத்திருந்தார். அவர்களைத் தேட வேண்டுமானால் எசமானின் வரிப் பதிவேட்டிலும் கிரயப் பத்திரத்திலும்தான் தேட வேண்டும். சொத்துப் பட்டியலில் மாட்டோடும் குதிரையோடும் சேர்ந்து வரும் பெயர்கள்.

டேனியல் 1820 செப்டம்பர் 26 இல் நேத்தன் வீட்டில் இறந்து ரெபெக்கா பக்கத்தில் அடக்கமானார். 1845 இல் கெண்டக்கிக்காரர்கள் இருவருடைய எலும்புகளையும் தோண்டி ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். தோண்டியது வேறு யாருடைய எலும்போ என்று மிசூரியில் இன்றும் சொல்கிறார்கள். அந்த மேட்டில் அடிமைகளையும் புதைத்திருந்தார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் உனக்குப் பக்கம்தானே? கல்லறையைப் பார்த்த கையோடு அங்கே இருக்கிற கெண்டக்கி நில அலுவலகத்துக்கும் போய்வா. பூன் பெயரில் வந்த நில வாரண்டுகளும் சர்வேக்களும் அங்கே பதிவில் இருக்கின்றன. டி. பூன் கரடியைக் கொன்றான் என்று மரத்தில் செதுக்கியதாகக் காட்டுவதை மட்டும் நம்பாதே. தன் பெயரின் கடைசியில் ஈ என்ற ஆங்கில எழுத்தை விடாமல் எழுதியவர் அவர், மரத்தில் அது இல்லை. ஏதாவது ஒரு சர்வேயின் நகல் கிடைத்தால் எனக்கு அனுப்பு. எந்த மரத்தை எல்லையாக எழுதினார், எத்தனை கம்ப நீளம் என்று கணக்குப் போட்டார் என்று உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
பெரியப்பா